செங்கண்மா செல்லும் வழி

பத்துப்பாட்டுள் இறுதியாக வைத்து எண்ணப்பெறும் மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். கூத்தராற்றுப்படை என்பது இதன் மறுபெயர். தமிழ் பயின்ற எவரும் இவ்வளவும் கூறுவர். தேர்வு முடிந்த மறுவாரமே இவற்றுள் பாதியை மறந்தும் விடுவர். யாமும் பல ஆண்டுகள் இப்பாட்டை இவ்வாறே கற்பித்து வந்தோம் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

ஒரு நாள் வகுப்பில், கணியம்பாடியிலிருந்து வரும் மாணவர் ஒருவர், "செங்கண்மா எங்கே இருக்கிறது ஐயா?" என்று வினவினார். இன்றைய செங்கந்தான் அது என்றோம். "அப்படியானால் எங்கள் ஊரிலிருந்து எந்தப் பேருந்தில் போக வேண்டும்?" என்றார். வகுப்பு சிரித்தது. ஆனால் அது சிரிக்கத்தக்க வினா அன்று. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்திற்கு வழி கூறுவதாக அமைந்த ஒரு பாட்டில், கேட்க வேண்டிய முதல் வினாவே அதுதான். வழி கூறும் நூலை வழி நடவாமலே கற்பித்துக்கொண்டிருந்த எம் குறை அன்று எமக்குத் தெரிந்தது. அடுத்த பருவத்தில், துறை மாணவர்களும் ஆசிரியர்களுமாக இரண்டு வண்டிகளில் செங்கம் சென்று வந்தோம். அப்பயணத்தில் பாட்டையும் நிலத்தையும் ஒப்பிட்டுக் கண்டவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

கணியம்பாடி, வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. காட்பாடி–விழுப்புரம் இருப்புப்பாதையும் இவ்வூர் வழியே செல்கின்றது. மேற்கே திரும்பினால் அமிர்திக் காடு; அதன்மேல் சவ்வாது மலைத்தொடர். நாள்தோறும் கல்லூரிக்கு வரும் வழியில் எம் மாணவர் வலப்புறமும் இடப்புறமும் காணும் இம்மலைகளே பாட்டில் வரும் மலைகளின் வடபால் உறவினர் என்பதை அவர்களுள் எவரும் எண்ணியதில்லை. கண்ணமங்கலம் கடந்து போளூர் சென்று, அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பிக் கடலாடி வழியே பருவதமலையின் அடிவாரத்தை ஒட்டிச் சென்றோம். சுமார் 4,500 அடி உயரமுள்ள இம்மலை, சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பது. இதனையே பாட்டில் வரும் நவிரமலை என அறிஞர் பலர் கருதுவர். நஞ்சுண்ட கடவுள் அம்மலைமேல் உறைவதாகப் பாட்டு கூறுகின்றது. இன்றும் அதன் உச்சியில் சிவன் கோயில் உள்ளது. பாட்டில் வரும் சேயாறு இன்று செய்யாறு என வழங்கும் ஆறே. அது சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தின் வழியே ஓடிப் பாலாற்றில் கலக்கின்றது.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. நவிரமும் சேயாறும் பாட்டினுள்ளேயே வருகின்றன. ஆனால் செங்கண்மா என்னும் ஊர்ப்பெயரும் பல்குன்றக் கோட்டம் என்னும் நாட்டுப்பெயரும் பாட்டின் இறுதியில் அமைந்த குறிப்பால் நாம் அறிபவை. புலவர் வாய்மொழியையும் பின்னர்த் தொகுத்தோர் குறிப்பையும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது. இரண்டும் இங்கே ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பது வேறு செய்தி. அவ்வாறே நன்னன் என்னும் பெயரளவில் மயங்குதலும் கூடாது. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற குற்றத்திற்காக, எண்பத்தொரு களிறும் அவள் எடைக்கு எடை பொற்பாவையும் ஈடாகத் தருவதாகச் சொல்லியும் கேளாமல், ஓர் இளம்பெண்ணைக் கொல்வித்த நன்னன் ஒருவன் உண்டு. குறுந்தொகையில் பரணர் அவனைப் பழிக்கின்றார். அவன் மேற்குக் கரையோரத்தவன். செங்கண்மாவின் நன்னன் வேறு. விடைத்தாள் திருத்துகையில் இவ்விருவரையும் ஒருவராக்கிய கட்டுரைகளை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

பாட்டு நெடுகிலும் வழி கூறும் கூத்தன், நன்னனைப் புகழ்வதைக் காட்டிலும் நடப்போரின் காலைப் பற்றியே மிகுதியாகக் கவலைப்படுகின்றான். கல்லில் நடந்து தேய்ந்த விறலியரின் சிற்றடிக்கு, இளைத்த நாயின் நாவை உவமையாகக் கூறுகின்றார் புலவர். அழகு கூறும் உவமை அன்று அது. நோவு கூறும் உவமை. அதன் பின் வரும் அறிவுரைகளைத் தொகுத்தால் மலைவழிப் பயணத்திற்கு ஒரு கையேடே கிடைக்கும். தினைப்புனத்தை அழிக்கவரும் பன்றிக்காக வழிகளில் கற்பொறிகள் வைத்திருப்பர். ஆதலின் விடிந்தபின் செல்லுங்கள். பொந்துகளில் பாம்பு இருக்கும், பார்த்து நடங்கள். யானையை விரட்டக் கானவர் கவணில் எறியும் கல் மரக்கிளைகளில் பட்டுச் சிதறி வரும். மரத்தின் பின் மறைந்து நில்லுங்கள். சுனையோரத்தில் பாறை வழுக்கும். கொடிகளைப் பற்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். இரவில் வழி தவறினால் அலையாதீர்கள். அகன்ற பாறையில் ஏறி உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள். ஒலி கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவர்.

கிளைவழிகள் பிரியும் இடத்திற்கு ஓர் அறிவுரை உண்டு. முன் செல்வோர் அவ்விடத்தைத் துடைத்து, தாம் சென்ற வழியில் புல்லை முடிந்து அடையாளமாக இட வேண்டும். பின் வருவோர் அதைக் கண்டு தொடர்வர். எம் மாணவருள் இருவர் இதனைச் செய்தே பார்த்துவிடத் துணிந்து, புதுப்பாளையம் தாண்டிய ஒரு கூட்டுச்சாலையில் இறங்கிப் புல்லை முடிந்து வைத்தனர். பின் வந்த வண்டியின் ஓட்டுநர் அம்முடிச்சை நோக்கவே இல்லை. நேரே வேறு வழியில் மூன்று கல் தொலைவு சென்று திரும்பினார். புல் முடிச்சு நடப்போர்க்கு உரிய எழுத்து. விரைந்து செல்வோர் அதனைப் படிக்க இயலாது என்று எம்முடன் வந்த மூத்த பேராசிரியர் நகைத்தார்.

பாட்டின் பெயர்க்காரணத்தை மலையடியில் நின்று கூறியபோது மாணவர்க்கு எளிதில் விளங்கிற்று. மலையை யானையாகக் கொண்டு, அதில் எழும் பல்வேறு ஒலிகளை அதன் கடாமாக, அஃதாவது மதநீராக, உருவகம் செய்கின்றார் கௌசிகனார். அருவியின் ஒலி, புனங்காப்போர் கூவும் ஒலி, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, புலியால் புண்பட்ட கணவர்க்காக மகளிர் பாடும் பாட்டு, யானையின் முழக்கம் என அவ்வொலிகள் அடுக்கி வருகின்றன. நாங்கள் சென்ற நாளில் பருவதமலையிலிருந்து கேட்டவை காற்றும், குரங்குகளும், எங்கோ ஒரு டிராக்டரும்.

வழியிற் காணும் எளிய மக்களின் விருந்தோம்பல் பாட்டில் பேரிடம் பெறுகின்றது. நன்னனின் கூத்தர் நாங்கள் என்று சொன்னால் போதும்; கேளாமலே வீட்டிற்குள் புகலாம், உறவினர் போல் உண்ணலாம். மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லரிசியும் அவரையும் சேர்த்துப் புளிநீரில் அட்ட கூழ் ஓரிடத்தில் கிடைக்கும். ஆயர் குடியிருப்பில் பாலும், தோல் விரித்த படுக்கையும், விலங்குகள் நெருங்காதபடி மூட்டிய தீயும் கிடைக்கும். அரசனிடம் பெறும் பொற்பூவும் யானையும் தேரும் பாட்டின் கடைசியிலேதான் வருகின்றன. அதுவரையில் கூத்தரைச் சாகவிடாமல் காத்து அனுப்பியவர்கள் பெயரில்லாத குறவரும் ஆயரும் உழவரும். நன்னன் புகழைப் பாட வந்த நூல் இவர்களுக்கு இத்தனை அடிகளை ஒதுக்கியிருப்பதை மாணவர் கவனிக்க வேண்டும்.

சேயாற்றின் ஒருகரையைப் பற்றிச் செல்லுங்கள், ஊர் வந்துவிடும் என்கிறான் வழிகூறும் கூத்தன். ஊரில் முதலில் காட்டப்படுவது அங்காடி. நியமம் என்பது புலவர் ஆளும் சொல். அதற்கு அங்காடித் தெரு என்பது பொருள். இச்சொல்லை வடபுலத்து நிகமத்தோடு தொடர்புபடுத்துவர். மதுரைக்கு அருகில் மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டில் வெள்ளறை ஊரின் நிகமத்தார் பேசப்படுகின்றனர். அங்கே அது வணிகர் குழுவைக் குறிக்கும். நன்னன் ஊரின் தெரு ஆறு கிடந்தாற்போல் அகன்றது. கூட்டம் திருவிழாக் கூட்டம் போன்றது. ஆரவாரம் கடலையும் மேகத்தையும் ஒத்தது. மாடங்கள் மலை போல் ஓங்கியவை. குடிபெயர்தலை அறியாத பழங்குடிகள் அங்கு வாழ்ந்தனர் என்றும் புலவர் கூறுவார். எத்தனை முறை படையெடுப்பையும் பஞ்சத்தையும் கண்ட நிலம் இது என்பதை நினைக்கும்போது, குடிபெயராமை என்பதை ஓர் ஊருக்குத் தரத்தக்க மிக உயர்ந்த பாராட்டாகவே யாம் கொள்கின்றோம்.

அங்காடியை அடுத்து அரண்மனை வாயில். அங்கே மலைமக்கள் கொணர்ந்து குவித்த கையுறைகளின் பட்டியல் ஒன்று வருகின்றது. ஆமான் கன்று, கரடிக்குட்டி, வருடைக் கிடாய், கீரி, உடும்பு, மயில், கானக்கோழிச் சேவல், முழவு போன்ற பலாப்பழம், மாங்கனி, கிழங்கு, யானைக்கொம்பு, சந்தனம், மிளகு, தேனிறால், எருமைத்தயிர் என அது நீளும். இதனைப் பாட்டின் அலங்காரம் என்று மட்டும் கொண்டு கடந்து செல்லுதல் தவறு. மலையில் விளைவது எது, சமவெளிக்கு இறங்கி வருவது எது என்பதற்கான கணக்கேடு இது. சவ்வாது மலையின் சந்தனமும் தேனும் பலாவும் சாமையும் கடுக்காயும் இன்றும் பெயர் பெற்றவையே. சந்தனம் மட்டும் பெரிதும் அருகிவிட்டது. காரணம் யாவரும் அறிந்ததே.

இங்கே ஏன் ஓர் அங்காடி நகர் தோன்றிற்று என்பதற்கு விடையை நிலமே கூறுகின்றது. வடக்கே சவ்வாது மலை. தெற்கே கல்வராயன் மலைப்பக்கம். இடையில் அமைந்த கணவாய், மேற்கே பாராமகால் வழியாக மைசூர்ப் பீடபூமிக்கும், கிழக்கே திருவண்ணாமலை வழியாகக் கடற்கரைக்கும் வாயில். மலைவளம் இறங்கும் வழியும், உப்பும் நெல்லும் ஏறும் வழியும் ஓரிடத்தில் கூடுகின்றன. அருகில் ஆறும் உள்ளது. சந்தை கூட இவை போதும். வணிகர் நடந்த வழியிலேதான் படையும் நடக்கும். முதல் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பரில், ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் தம் படைகளுடன் கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையிலான ஆங்கிலப் படையைத் தாக்கியது இச்செங்கத்துக் கணவாயின் அருகேதான். அன்று தாக்கியவர்கள் பின்வாங்க நேர்ந்தது. ஆயினும் வென்ற ஸ்மித்திடம் படைக்குச் சோறிட அரிசி இல்லை. அவர் திருவண்ணாமலைக்கு விரைய வேண்டியதாயிற்று. கையுறையாக மலைபோல் உணவு குவிந்ததாகப் புலவர் பாடிய ஊரின் எல்லையில், பல நூற்றாண்டுகளுக்குப்பின் வென்ற படை ஒன்று அரிசி தேடி அலைந்திருக்கின்றது.

செங்கம் நகரில் எமக்குக் கிடைத்த பொழுது குறைவு. வேணுகோபால பார்த்தசாரதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பத் தூண்களையும் ரிஷபேசுவரர் கோயிலையும் கண்டோம். பகல் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்ற மாணவர், தொழுகை முடிந்தபின் அங்கிருந்த பெரியவர்களிடம் நன்னனைப் பற்றி விசாரித்திருக்கின்றனர். ஐதரைப் பற்றி மூவர் பேசினராம். நன்னனை எவரும் அறியார். கடைத்தெருவில் யாம் வினவியபோதும் அவ்வாறே. இதற்காக ஊரவரைக் குறை கூறுவது முறையாகாது. பாட்டு ஏடுகளில் தங்கிற்று, உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்ட பின்னரே பலர் கைக்கும் அது வந்தது. அச்சான நூல் கல்லூரிக்குள் வந்தது. கல்லூரியிலிருந்து செங்கத்துக்கு அதனை எடுத்துச் செல்லும் கடமை எவருடையது? எம் போன்ற ஆசிரியருடையது.

எனினும் செங்கத்து மக்கள் பாட்டின் ஒரு பகுதியை அறியாமலே காத்து வருகின்றனர் என்பதை அன்று மாலை கண்டோம்.

வழியிடைக் காண்பனவற்றைக் கூறுமிடத்தில் கௌசிகனார் நடுகற்களைப் பேசுகின்றார். போரில் புறங்கொடாது பட்ட, நாணம் மிக்க மறவர்களின் அழியாப் பெயர்களைப் பொறித்து நட்ட கற்கள் கிளைவழிகளில் எண்ணற்றவை உள்ளன. அவற்றைக் கண்டால், தொன்றுதொட்டு வந்த முறைப்படி உங்கள் யாழை இசைத்து, விரைந்து கடந்து செல்லுங்கள் என்பது அவர் கூற்றின் கருத்து. செல்லும் ஊரின் பெயரை வழிப்போக்கர் அறியும்படி எழுதிய கல்லும், மராமரத்தடியில் உறையும் கடவுளும் அதனை அடுத்து வருகின்றன. பெயர் எழுதிய கல் என்கின்றார், எண்ணற்றவை என்கின்றார். இது புலவரின் மிகைக் கூற்றோ என்று ஐயுற இடமுண்டு. ஆனால் தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிகச் செறிந்து கிடைத்த வட்டாரங்களுள் செங்கம் ஒன்று. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இவ்வட்டாரத்துக் கற்களின் எழுத்துகளைப் படியெடுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை 1972-இல் வெளியிட்டது. எம் துறை நூலகத்தில் உள்ள படி அட்டை கிழிந்தது. எனினும் அப்பயணம் முழுவதும் எங்கள் கையில் இருந்தது அதுவே.

நடுகல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் வகுத்திருப்பதை மாணவர் அறிவர். செங்கத்துக் கற்கள் அவ்விலக்கணத்திற்குப் பெயரும் ஊரும் நாளும் தருகின்றன. பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்தவை; சிம்மவிட்டுணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவ மன்னரின் ஆட்சியாண்டைக் கூறித் தொடங்குபவை பல. அதன்பின் அந்நிலத்துத் தலைவன் பெயரும் ஊரும் வரும். தொறு எனப்படும் ஆநிரையைப் பகைவர் கவர்ந்தபோது, இன்னார் அதனை மீட்டுப் பட்டார், இது அவர் கல் என்று முடியும். பட்டார் என்பது போரில் இறந்தார் எனப் பொருள்படும். மன்னனின் பெயர் காலக்கணக்குக்காக மட்டுமே வருகின்றது. கல் மாடு மீட்ட வீரனுக்கு உரியது. நன்னனைப் பாடப் பெருங்கௌசிகனார் இருந்தார். இவர்களைப் பாடியது கல் தச்சனின் உளி ஒன்றே.

இவற்றுள் எடத்தனூர்க் கல் ஒன்று மாணவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அது மகேந்திரவர்மனின் ஆட்சிக் காலத்தது. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் பொருட்டுப் பட்டான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து, அவன் பக்கத்தில் அது காத்து நின்ற செய்தியைக் கல் கூறுகின்றது; நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குப் பெயர் இருந்தது, அப்பெயர் கல்லில் ஏறியது, இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. பல்லவப் பேரரசனின் வெற்றிகளை வரிசையாக ஒப்பித்த மாணவர்க்கெல்லாம் அன்று நினைவில் நின்றது கோவிவன்தான்.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இக்கற்கள் பல்லவர் காலத்தன. பாட்டு அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. கௌசிகனாரின் கூத்தர் கண்ட கற்கள் இவையே என்று எவரேனும் மேடையில் முழங்கினால் நம்ப வேண்டுவதில்லை. முன்னாளில் ஆய்வாளர் சிலர்க்கு இதனால் ஓர் ஐயம் இருந்தது: சங்க காலத்தில் பெயர் பொறித்த நடுகல் உண்மையில் இருந்ததா? அவ்வையம் 2006-இல் தீர்ந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். கூடலூர் ஆகோளில் பட்ட அந்தவன் என்பவனின் கல் அவற்றுள் ஒன்று. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ஆகோள் என்னும் இலக்கணச் சொல்லே கல்லில் இருக்கின்றது. அவை கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என்பது அறிஞர் கணிப்பு. செங்கத்துக் கற்கள் புதிய வழக்கம் அல்ல, நீண்ட மரபின் இடைக்கண்ணி என்று இப்போது துணிந்து கூறலாம்.

மாலையில், செங்கத்திற்குச் சற்றுத் தொலைவில் ஒரு சிற்றூரின் எல்லையில் வண்டியை நிறுத்தினோம். புளியமரத்தடியில் மூன்று கற்கள். நடுக்கல்லில் வில்லேந்திய வீரன்; மஞ்சளும் குங்குமமும் பூசப்பெற்று, மேலே ஒரு சிவப்புத் துணி சுற்றியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். இது யார் என்று கேட்டோம். "வேடியப்பன் சாமிங்க ஐயா. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கும்பிடுறோம். தை மாசம் பொங்கல் வெப்போம். மேளம் வெக்காம விடமாட்டோம்" என்றார். இவ்வட்டாரம் முழுவதும், அப்பால் தருமபுரி வரையிலும், நடுகல் வீரர்கள் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்பெறுவது ஆய்வாளர் பலரும் குறித்துள்ள செய்தியே. ஆனால் மேளம் என்ற சொல் எம்மை நிற்கச் செய்தது. கல்லைக் கண்டால் இசைத்துச் செல்லுங்கள் என்று புலவர் கூறிய தொன்மரபு, இசைக்கருவி மட்டும் மாறி, அப்பெரியவர் வாயில் அன்று இருந்தது. அவர் நன்னனை அறியார். மலைபடுகடாம் என்ற சொல்லையும் கேட்டிரார்.

கல்லின் மேற்புறத்தில் எழுத்து இருப்பது போல் தோன்றிற்று. மாணவர் சிலர் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துப் பார்க்க விரும்பினர். பெரியவர் முகம் மாறியது. யாம் தடுத்துவிட்டோம். அது அவருக்குத் தெய்வம் என்பது ஒரு காரணம். முறையான மைப்படி எடுக்கத் தெரியாதவர் தேய்த்தால் எழுத்தே கெடும் என்பது மற்றொன்று. உள்ளபடி கூறின், மஞ்சளுக்கு அடியில் தெரிந்த அவ்வெழுத்தை எம்மில் எவராலும் படிக்க இயலவில்லை. முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் நால்வர் அங்கு நின்றோம். தமிழில்தான் எழுதியிருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. எழுத்தறியாத பெரியவரும் எழுத்தறிந்த நாங்களும் அக்கல்லின் முன் ஒரே நிலையில் நின்றோம்.

திரும்பும் வழியில் மற்றோர் ஊரில் கிணற்றடியில் துணி துவைக்கும் கல் ஒன்றைக் கண்டோம். அதன் ஓரத்தில் மாட்டின் கால்கள் போன்ற புடைப்பு தெரிந்தது. நடுகல்தானா என்று உறுதியாகக் கூற இயலாது. வேடியப்பன் எனப் பெயர் பெற்ற கல் பிழைத்தது. பெயர் பெறாத கல் துவைகல் ஆயிற்று. வழிபாட்டில் கருத்து வேறுபாடு உடையோரும் எம்முள் உண்டு. அக்கல்லை 1,400 ஆண்டுகள் காத்துத் தந்தவர்கள் அவ்வெளிய மக்களே என்பதில் எவர்க்கும் வேறுபாடு இல்லை. தான் காணாத அரபு நாட்டைச் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் தமிழ் நிலமாகவே கண்டு பாடினார் உமறுப்புலவர். காணாத நிலத்தையும் தமக்கு உரியதாக்கிக்கொண்ட அம்மரபில் வந்தவர்கள், பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் காணத்தக்க நிலத்தை அயலாகக் கருதலாகாது.

வண்டி போளூரைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. அதுவரை பேசாதிருந்த மாணவர் ஒருவர், அமிர்திக்கு மேலே சவ்வாது மலையூர் ஒன்றைச் சேர்ந்தவர், எம் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "ஐயா, எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கல் இருக்கிறது. இரண்டு வழி பிரிகிற இடத்தில். அது வெறும் எல்லைக்கல் என்று நினைத்திருந்தேன்" என்றார். ஏன் காலையிலேயே கூறவில்லை என்று கேட்டோம். வகுப்பில் மலையூர் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள் என்றார். கணியம்பாடியில் அவர் இறங்கும்வரை வேறு பேச்சு நிகழவில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு தாள் கொணர்ந்தார். கல்லின் உயரம் கைம்முழத்தால் அளந்து எழுதப்பட்டிருந்தது. வலக்கையில் வாள், இடக்கையில் வில், காலடியில் ஒரு மாடு எனப் பென்சிலால் வரைந்திருந்தார். எழுத்து ஒன்றும் இல்லை என்று குறித்திருந்தார். அருகில் நிற்கும் மரம், கல் நோக்கும் திசை, அவ்விடத்தை அவருடைய பாட்டி அழைக்கும் பெயர் ஆகியனவும் அதில் இருந்தன. இவற்றுள் ஒன்றையும் குறிக்கும்படி யாம் அவருக்குச் சொல்லியதில்லை. அத்தாள் துறையில் ஒரு புதிய கோப்பின் முதல் தாளாக வைக்கப்பெற்றுள்ளது. இதுவரை அக்கோப்பில் மாணவர் தம் ஊர்களிலிருந்து கொணர்ந்த ஏழு தாள்கள் சேர்ந்துள்ளன. அவற்றுள் இரண்டு நடுகற்கள் அல்ல, பிற்காலச் சதிகற்கள் என்று தோன்றுகின்றது; தக்க அறிஞரிடம் காட்டித் தெளிய வேண்டும்.

வட்டெழுத்து வகுப்பு சனிக்கிழமைதோறும் பிற்பகல் 2 மணிக்குத் துறை நூலகத்தில் நடைபெறுகின்றது. கற்பிப்போரும் கற்போரே ஆதலின், செங்கம் நடுகற்கள் நூலின் எழுத்து வடிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிப் பழகி வருகின்றோம். முதல் நாள் பதினொருவர் வந்தனர். ஆசிரியர் நால்வரும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம்.